காது மூடும் கம்மல்

மாப்பிள்ளை நாலு மணிக்கு வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். இப்போது மணி ஒன்றே முக்கால். பசை இறுக ஒரு மணி நேரம், மேலே வார்னிஷ் பூசினால் அது காய இன்னொரு மணி நேரம், அதனால் யோசித்துக்கொண்டிருக்க நேரமில்லை என்று ஜெயசுதா தனக்குள் சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டவள் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அரைமணியாக அதையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். சாப்பாட்டு மேஜையின் ஒரு பாதியில் பழைய செய்தித்தாளை விரித்திருந்தாள். கத்தரி, பசை, மைப் பெட்டி, காகிதக் கீற்றுகளைச் சுருட்டும் ஊசி, ரப்பர் ஸ்டாம்ப் டப்பா. மறுபாதியில் மோர் ஊற்றிச் சாப்பிட்ட தட்டு இன்னும் எடுக்கப்படாமல் கிடந்தது. முன்னறையில் கணவர் பலராமன் தூங்கும் சத்தம் மின்விசிறிச் சத்தத்தோடு கலந்து கேட்டது. மகள் தாரணி நேற்றுக் காலை போன் செய்தாள். வெள்ளிக்கிழமை அவரோட சித்தப்பா பொண்ணுக்கு நிச்சயதார்த்தம்மா, எனக்கு ஒரு ஜோடி கம்மல் செஞ்சு குடேன் என்றாள். செய்தால் போயிற்று, இதற்கென்ன. துளையில மாட்டற மாதிரி வேணாம்மா, காது பூரா மூடற மாதிரி, மேல ஒரு கம்பி வெச்சு காதைச் சுத்தி மாட்டிக்கற மாதிரி வேணும், கனமே இருக்கக் கூடாது என்றாள். ஏன்டி அப்படி என்று கேட்டதற்கு, இப்ப அதான்மா ஃபேஷன் என்று சிரித்தாள். சிரித்தாள்தானே? போனில் ஒரு மூச்சு சத்தம் வந்தது, அதைச் சிரிப்பு என்று இவள் எடுத்துக்கொண்டாள். கனமா இருக்கக் கூடாது என்று அவள் சொல்லவில்லை. கனமே இருக்கக் கூடாது என்றாள். அந்த 'ஏ' நேற்றிலிருந்து இவள் தொண்டையில் மீன்முள்ளாக நின்றுகொண்டிருக்கிறது. சோற்றுருண்டையை விழுங்கினாலும் போகவில்லை, தண்ணீர் குடித்தாலும் போகவில்லை.

அட்டையை வெட்டத்தான் வேண்டும். மாங்காய் வடிவம், மேலே அகன்று கீழே வளைந்து ஒடுங்கும். இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று, வளைவு எதிரெதிராக வரவேண்டும். அளவுக்குத் தன் காதையே பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அளந்தாள். தாரணிக்கு இவளுடைய காது. பிறந்தவுடனே நர்ஸம்மா அதைத்தான் சொன்னாள், மூக்கு அப்பாவோடது, காது அம்மாவோடது என்று. இரண்டு மாங்காய்களையும் வெட்டி ஓரம் தேய்த்து வைத்தாள். இனி ஸ்டாம்ப். மரப்பிடி போட்ட அந்த ஸ்டாம்புகளை வாங்கியவள் தாரணிதான், கல்லூரி இரண்டாம் வருடத்தில், ஏதோ கைவினைப் பயிற்சிக்குப் போய் வந்தவள் ஒரு டப்பா நிறைய வாங்கி வந்து இதே மேஜையில் கொட்டினாள். மயில், மாங்காய், தாமரை, சின்னச் சின்னப் புள்ளிகளால் ஆன கோலம். இவள் கையைப் பிடித்து அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். அமுக்கும்மா, அசைக்காத, நேரா எடு. அசைச்சா ரெட்டையா விழும். முதல் நாள் இவள் போட்ட மயில்கள் எல்லாமே இரட்டைக் கழுத்தோடு விழுந்தன, தாரணி மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். அது சிரிப்பு. அந்தச் சிரிப்பையும் நேற்றுப் போனில் வந்த மூச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும். வைத்துப் பார்க்க வேண்டாம். மைப் பெட்டியில் மாங்காய் ஸ்டாம்பைத் தட்டினாள், தட்டித் தட்டி ரப்பர் முழுவதும் மை ஏறியதா என்று சாய்த்துப் பார்த்தாள், மெல்லிய காகிதத்தின் மேல் வைத்து அமுக்கினாள். அசைந்துவிட்டது. காகிதத்தைக் கசக்கிப் போட்டுவிட்டு இன்னொன்று எடுத்தாள். அதுவும் அசைந்தது.   எதற்காகத் தாரணி இதை எல்லாம் வாங்கி வந்தாள் என்பது இவளுக்குத் தெரியும், மறக்க முடியாது. உன் காது கிழிஞ்சதுக்கு நான்தானேம்மா காரணம், இனிமே நீ தங்கம் போட வேணாம், கல்லு போட வேணாம், காகிதத்துல செஞ்சு போட்டுக்கலாம், பஞ்சு மாதிரி இருக்கும் என்றாள். பத்தொன்பது வயதுப் பெண், கண்ணில் தண்ணீரோடு. இவள் என்ன செய்தாள்? சரிடி சரிடி என்று முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

மூன்றாவது காகிதத்தில் நேராக விழுந்தது. மை காய்வதற்குள் தங்க நிறத் தூளைத் தூவ வேண்டும். தூவி, மிச்சத்தை உதறி, கவிழ்த்து வைத்த இஸ்திரிப் பெட்டியின் சூட்டின் மேல் காகிதத்தைக் காட்டினால் தூள் உருகி எழுந்து நிற்கும். அந்த நிமிடம் எப்போதும் இவளுக்குப் பிடிக்கும், மண்ணாகக் கிடக்கிற தூள் திடீரென்று ஒரு கோடாக ஓடிப் பளபளக்கும். இன்றைக்கு அந்தக் கோடு ஓடுவதைப் பார்க்கையில் இடது காது மடலில் சுருக்கென்றது. இருபத்தொரு வருடம் கழித்தும் சூடு கண்டால் அங்கே வலிக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், ரேடியோவில் யாரோ பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இவள் முந்தின நாள் அண்ணன் வீட்டுக்குச் சொல்லாமல் போய் வந்திருந்தாள், அவ்வளவுதான் விஷயம். பலராமன் கத்தவில்லை. பஸ் கண்டக்டர், நாளெல்லாம் கத்துகிறவர், வீட்டில் கத்த மாட்டார். சமையல்கட்டு வாசலில் வந்து நின்று, நான் சொல்றது காதுல விழுதா, விழுதா என்று கேட்டுக்கொண்டே ஜிமிக்கியை இரண்டு விரலால் பிடித்தார். முதலில் விளையாட்டாகத்தான் இழுப்பது போல இருந்தது. விழுதா. விழுது என்று இவள் சொன்னாள், சத்தமாகச் சொன்னாள், அது இன்னமும் நினைவிருக்கிறது, விழுதுங்க என்று சொன்ன பிறகுதான் அவர் இழுத்தார். வலி உடனே வரவில்லை. கழுத்தில் சூடாக ஏதோ இறங்கியது, கொதிக்கிற ரசம் தெறித்துவிட்டதோ என்றுதான் நினைத்தாள். அப்போது நாலு வயதுத் தாரணி கட்டிலுக்கு அடியிலிருந்து ஜிமிக்கியோடு ஊர்ந்து வந்து உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். அம்மா, உன்னோடது. கிளினிக்கில் ஐந்து தையல் போட்டார் டாக்டர். எப்படி ஆச்சு என்று கேட்டார். பலராமன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார், குழந்தை இவள் இடுப்பில் இருந்தது. குழந்தை இழுத்துட்டா டாக்டர். இவள்தான் சொன்னாள். அவர் சொல்லவில்லை, அவர் சொல்லச் சொல்லவும் இல்லை. இவள் வாயிலிருந்து தானாக வந்தது. அடிப் போக்கிரி என்று டாக்டர் குழந்தையின் கன்னத்தைக் கிள்ளினார். அதற்குப் பிறகு அண்ணன் வீட்டில், நாத்தனார் வீட்டில், கல்யாண வீடுகளில், இதுதானே அம்மா காதை அறுத்த பொண்ணு என்று எல்லோரும் அவளைக் கேலி செய்தார்கள். ஐந்து வயதில் அவள் மறுத்துத் தலையை ஆட்டினாள். ஏழு வயதில் ஆட்டவில்லை. பத்து வயதில் அவளே சொல்ல ஆரம்பித்தாள், நான் சின்ன வயசுல அம்மா காதைக் கிழிச்சுட்டேன் என்று.

இரண்டாவது மாங்காய்க்கும் தூள் உருகியது. வெட்டி அட்டையில் ஒட்டினாள். ஓரத்துக்குக் காகிதக் கீற்றுகளைச் சுருட்டி வைக்க வேண்டும், ஒவ்வொரு சுருளும் மிளகு அளவு. ஊசியின் பிளவில் கீற்றின் நுனியைச் சொருகிச் சுற்ற ஆரம்பித்தாள், சுற்றச் சுற்ற அந்த வேலையில் மனம் கொஞ்சம் அடங்கியது. ஒருவேளை நிஜமாகவே ஃபேஷன்தானோ என்னவோ. கல்யாணப் பெண்கள் எல்லாம் காதை மூடித்தான் போடுகிறார்கள். நேற்று இரண்டு மணி நேரம் போனில் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள், இருந்தன, காதைச் சுற்றி மாட்டுகிற மாதிரி நிறைய இருந்தன, பெரிய ஆறுதலாக இருந்தது. ஆனால் அவற்றில் துளையிலும் ஒரு தொங்கல் இருந்தது. துளையில் ஒன்றுமே மாட்டாத ஒரு படம்கூட இல்லை. ஒன்றிரண்டு இருக்கும், இவள் பார்க்காமல் விட்டிருப்பாள். மறுபடியும் பார்க்கலாம். வேண்டாம், நேரமில்லை. ஒரு சுருள் பிரிந்துகொண்டது. பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவள் பையோடு வந்து நின்றாளே, அப்போது இவள் முதலில் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, பையைத்தான் பார்த்தாள். எவ்வளவு பெரிய பை என்று. இரண்டு நாளுக்கான பையா, அதற்கு மேற்பட்டதா. அது பெரிய பை. கைய ஓங்கறாரும்மா என்றாள் தாரணி, தோசைத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, தோசையைப் பிய்க்காமல். ஓங்கறாரா, அடிக்கறாரா? இவள் அதைத்தான் கேட்டாள். வக்கீல் மாதிரி கேட்டாள். ஓங்குவதற்கும் அடிப்பதற்கும் நடுவில் ஏதோ ஓர் இடம் இருப்பது போலவும், அந்த இடத்தில் ஒரு பெண் வசதியாகக் குடியிருக்கலாம் என்பது போலவும்.  ஆரம்பத்துல எல்லா ஆம்பளைங்களும் முன்ன பின்னதான் இருப்பாங்க, போகப் போக சரியாயிடும், அப்பாவையே எடுத்துக்கோ, என்று சொல்லிவிட்டு இவள் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். தாரணி நிமிர்ந்து இவளைப் பார்த்தாள். முகத்தைப் பார்க்கவில்லை, முகத்துக்குக் கொஞ்சம் பக்கவாட்டில் பார்த்தாள். பிறகு தோசையைச் சாப்பிட்டாள், இரண்டு தோசை, சட்னி போட்டுக்கொண்டு. மறுநாள் பலராமன் போன் செய்து வரச்சொல்லி மாப்பிள்ளை தினகர் வந்து கூட்டிக்கொண்டு போனார். இவள் பருப்புப்பொடியும் எலுமிச்சை ஊறுகாயும் கட்டிக் கொடுத்தாள். அந்தப் பெரிய பையைத் திறந்து இவளே தன் கையால் பாட்டில்களைச் சொருகி வைத்தாள். பைக்குள் தாரணியின் பள்ளிக்கூடச் சான்றிதழ் எல்லாம் இருந்தது. அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு ஜிப்பை மூடினாள்.

கம்பிக்கு நூல் சுற்றி வளைத்து அட்டையின் பின்னால் ஒட்டியாயிற்று. சரியாக உட்காருகிறதா என்று பார்க்க வேண்டாமா? இடதுக்கானதை எடுத்துக்கொண்டு வாஷ்பேசின் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றாள். முடியை ஒதுக்கி, கம்பியைக் காதின் மேல் மாட்டினாள். கனமே இல்லை. மாட்டியிருப்பதே தெரியவில்லை. மாங்காய் அழகாகக் கீழே இறங்கி மடலைச் சுற்றிக்கொண்டு, தையல் விழுந்த அந்த வெள்ளைக் கோட்டை, அதன் இரண்டு பக்கமும் சமமாக ஒட்டாமல் போன தோலை, எல்லாவற்றையும் மூடிவிட்டது. இந்தக் காதில் எதுவுமே நடக்கவில்லை என்று சொல்லிவிடலாம். கண்ணாடியில் ஜெயசுதா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இருபத்தொரு வருடமாக முடியை இறக்கி வாரி, முந்தானையை இழுத்துவிட்டு, போட்டோ எடுத்தால் வலது பக்கம் திரும்பி நின்று மறைத்ததை ஓர் அட்டைத் துண்டு எவ்வளவு லேசாக மறைத்துவிட்டது. இதை மறைக்கத்தான் இப்படி ஒரு பொருள் தேவைப்படும். வேறு எதற்கும் தேவைப்படாது. அது தெரிந்தவுடன் கம்மலைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டாள். இல்லை, தெரிந்தது இப்போது இல்லை. நேற்றுக் காலை போனை வைத்த நிமிடமே தெரியும். தெரிந்துகொண்டே ராத்திரி சப்பாத்திக்கு மாவு பிசைந்தாள். தெரிந்துகொண்டே இன்றைக்கு இஸ்திரிப் பெட்டியைச் சூடு பண்ணினாள். தினகர் வந்து வாங்கிக்கொள்வார் என்று தாரணி சொன்னபோது சரி என்றாள். எது கிழிந்ததோ அதை மூடுவதற்கு, கிழித்தவர் கையிலேயே கொடுத்தனுப்ப, ஓர் அம்மா மதியமெல்லாம் உட்கார்ந்து பூ வேலை செய்துகொண்டிருக்கிறாள். தாரணிக்குத் தையல் போட்டார்களா? யார் கூட்டிக்கொண்டு போனார்கள்? டாக்டரிடம் அவள் என்ன சொன்னாள்? அவள் இடுப்பில் குழந்தைகூட இல்லையே, யார் மேல் பழியைப் போட்டிருப்பாள்?

"என்ன, கண்ணாடி முன்னாடியே நிக்கற?" பலராமன் எழுந்து வந்திருந்தார். வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு மேஜையருகே உட்கார்ந்தார். "யாருக்கு இது?"

"தாரணிக்கு."

"பெருசா இருக்கே. நல்லாத்தான் இருக்கு." மிச்சமிருந்த சுருள்களைப் பார்த்தவர் கேட்காமலே கீற்றுக் கட்டை எடுத்து ஒவ்வொன்றாகப் பிரித்து வைக்க ஆரம்பித்தார். முப்பது வருடம் டிக்கெட் கிழித்த விரல்கள், ஒட்டிக்கொண்டிருக்கும் காகிதத்தை ஒரே தட்டில் பிரித்துவிடும். ஓய்வு பெற்ற நாளிலிருந்து இந்த வேலையை அவர்தான் செய்து தருகிறார். பசை வாங்கி வருவார், வார்னிஷ் டப்பாவின் மூடியைத் திறந்து தருவார், இவளுக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி வைப்பார். அவர் நல்ல மனுஷன் என்று தெருவில் எல்லோரும் சொல்கிறார்கள், பொய்யில்லை. இப்போது அவரைப் பார்க்க இவளுக்குக் கோபம்கூட வரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. இந்த மனுஷன் இப்படி மாறினார் என்பதை வைத்துத்தான் மகளைத் திருப்பி அனுப்பினாள். ஆனால் அவர் மாறினாரா, இல்லை இவள் காதில் பிடிப்பதற்கு ஒன்றும் இல்லாமல் போனதா? வார்னிஷைத் தொட்டு முதல் மாங்காயில் பூசினாள். வாடை கண்ணைக் கரித்தது. மாப்பிள்ளை வந்ததும் என்ன சொல்வது என்று வரிசையாக யோசித்தாள். அவ காதுக்கு என்ன ஆச்சு மாப்பிள்ளை. நேராகக் கேட்பது. அல்லது, கம்மல் இன்னும் காயலை, நானே கொண்டு வந்து போட்டுவிடறேன். அல்லது, தாரணியை அனுப்பி வையுங்க, ஒரு மாசம் இங்க இருக்கட்டும். அல்லது ஒன்றுமே சொல்லாமல் இந்தச் சூடான இஸ்திரிப் பெட்டியை எடுத்து… ஒவ்வொரு வாக்கியத்தையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள், ஒவ்வொன்றும் இரட்டையாக விழுந்தது.

நாலு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதே கீழே வண்டிச் சத்தம் கேட்டது. தினகர் எப்போதும் சொன்ன நேரத்துக்கு முன்னால்தான் வருவார். திராட்சைப் பழப் பையை மேஜையில் வைத்துவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"வாங்க மாப்பிள்ளை."

"முடிஞ்சிருச்சா அத்தை? ரெண்டு நாளா தாரணிக்கு இதே பேச்சுதான்." ஒன்றை உள்ளங்கையில் எடுத்து வைத்துப் பார்த்தார். சுத்தமான கைகள், நகமெல்லாம் ஒட்ட வெட்டியிருந்தது. "பேப்பர்னு சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டாங்க. என்ன மாமா?"

"ராத்திரி பகலா உழைச்சிருக்கா," என்றார் பலராமன், டீயை ஆற்றிக்கொண்டே.

ஜெயசுதா நின்றுகொண்டிருந்தாள். யோசித்து வைத்ததில் ஒன்றுகூட வரவில்லை. கை பஞ்சுப் பொட்டலத்தைத் தேடி எடுத்தது. வாய் வேறெதையோ சொல்வது அவளுக்கே கேட்டது.

"உள்பக்கம் கொஞ்சம் பஞ்சு வெச்சு ஒட்டிடறேன், உறுத்தாது. எந்தக் காதுக்கு வெக்கணும்?"

"இடது," என்றார் தினகர்.

மின்விசிறி சுற்றியது. டம்ளரிலிருந்து டம்ளருக்கு இறங்கிக்கொண்டிருந்த டீ நடுவில் நின்றது. தினகர் புன்னகையோடு இருவரையும் பார்த்தார். "பஞ்சு எதுக்கு அத்தை? தாரணி ஏதாவது சொன்னாளா?"

"ஒண்ணும் சொல்லல."

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா. கொக்கியில கம்மல் மாட்டிக்கிச்சு. நீங்க பயப்படுவீங்கன்னு சொல்ல வேணாம்னா."

ஜெயசுதா கணவரைப் பார்த்தாள். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அப்படி நேராகப் பார்த்தாள். ஏதாவது சொல்லுங்கள் என்று அந்தப் பார்வையில் கேட்டாள், நீங்கள் சொன்னால்தான் இவர் கேட்பார், உங்களுக்குத்தானே தெரியும். பலராமன் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லச் சொன்னார். "இப்பல்லாம் எல்லா இடத்துலயும் டைல்ஸ் போட்டுடறாங்க. பார்த்து நடக்கச் சொல்லணும்."

"அதையேதான் நானும் சொல்றேன் மாமா."

இவள் பஞ்சை மெலிதாகப் பிரித்து, இடது மாங்காயின் உள்பக்கம் பசை தடவி ஒட்டினாள்.  இரண்டையும் டப்பாவில் வைத்து மூடினாள். தினகர் டீயைக் குடித்து முடித்து, போய்ட்டு வரேன் அத்தை என்று டப்பாவை வாங்கிக்கொண்டு இறங்கினார். அவர் இறங்கும் படிகளை இவள் எண்ணினாள், பதினெட்டு. வண்டி கிளம்பியது.

சமையல்கட்டில் போய் நின்றுகொண்டு மகளுக்குப் போன் போட்டாள். நாலாவது ரிங்கில் தாரணி எடுத்தாள்.

"வந்தாராம்மா? குடுத்துட்டியா?"

"குடுத்தேன்."

"என்ன சொன்னாரு?"

"நல்லா இருக்குன்னாரு."

"நீ ஏதாவது கேட்டியா?" குரல் சட்டென்று இறங்கிவிட்டது.

"எந்தக் காதுன்னு கேட்டேன்."

 அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் விழுவது கேட்டது. "ஏம்மா கேட்ட?" என்றாள் தாரணி. கோபமாகக்கூட இல்லை, களைத்துப்போன குரல். "நான் உன்கிட்ட சொல்லிட்டேன்னு நினைப்பாரு. வந்தவுடனே அதைத்தான் கேப்பாரு."

ஜெயசுதா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை ஒன்றைக் கேட்டாள், அந்தக் கேள்வி இப்போது வண்டியில் ஏறி மகளை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. "தாரணி, அவர் வர முக்கால் மணி நேரம் ஆகும். கிளம்பு. எதையும் எடுக்காத, கதவைப் பூட்டிட்டுக் கிளம்பு."

"எங்கம்மா போறது?"

"இங்க வா."

"அங்கயா?"

அதை அவள் குத்திக்காட்டுவது போலக் கேட்கவில்லை. வழி தெரியாதவள் பஸ்ஸில் விசாரிக்கிற மாதிரிதான் கேட்டாள்.  இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் இல்லை. "தாரணி, அம்மா காது. அது நீ இழுத்தது இல்லடி. நீ இல்ல. அப்பாதான்."

"தெரியும்மா."

"தெரியுமா? எப்பத்திலேர்ந்து?"

"எப்பவுமே தெரியும். கட்டிலுக்கு அடியிலதானே இருந்தேன். நீ அப்படிச் சொன்னா உனக்கு நிம்மதியா இருக்குன்னு நானும் அப்படியே சொன்னேன்," என்றாள்.

அப்படியானால் அந்தச் செவ்வாய்க்கிழமை, தோசைத் தட்டின் முன்னால், அப்பாவையே எடுத்துக்கோ என்றபோது அவள் பார்த்தது என்ன என்று இவளுக்குப் புரிந்தது. எதற்குத் திருப்பி அனுப்பப்படுகிறோம் என்று முழுக்கத் தெரிந்துகொண்டுதான் அவள் அந்த இரண்டு தோசையையும் தின்றாள்.

"பால் பொங்குது. வெக்கறேம்மா," என்றாள் தாரணி.

மறுபடி போட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருப்பதாக ஒரு குரல் சொன்னது. மறுபடி போட்டாள். அதே குரல். கொடியில் கிடந்த புடவையை எடுத்து மாற்றினாளா, இல்லை உடுத்தியிருந்ததோடே கிளம்பினாளா என்பது அவளுக்கே நினைவில்லை. பர்ஸை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தபோது பலராமன் எழுந்து நின்றார்.

"எங்க?"

"துவாக்குடிக்கு, தாரணி வீட்டுக்கு."

"நானும் வரட்டுமா? மாப்பிள்ளைகிட்ட நான் ஒரு வார்த்தை பேசறேன்."

"என்னன்னு பேசுவீங்க?"

 அவர் திராட்சைப் பையைக் கையில் எடுத்து, எங்கே வைப்பது என்று தெரியாதவர் போல நின்றார். அவள் படியிறங்கினாள்.

உறையூரிலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோவில் பத்து நிமிடம். துவாக்குடி பஸ் நின்றுகொண்டிருந்தது. ஏறி முன்சீட்டில் உட்கார்ந்தாள். வண்டியில் போகிறவருக்கு முக்கால் மணி, இந்த பஸ்ஸுக்கு ஒன்றேகால் மணி. அவர் இந்நேரம் பால்பண்ணையைத் தாண்டியிருப்பார், அரியமங்கலத்தில் நெரிசல் இருந்தால் ஐந்து நிமிடம் கூடும், திருவெறும்பூரில் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் இன்னும் ஐந்து நிமிடம் கூடலாம். எப்படிக் கூட்டினாலும் அவர்தான் முன்னால் போய்ச் சேர்ந்தார். இருந்தும் மறுபடி மறுபடி கூட்டிப் பார்த்தாள். பக்கத்தில் ஓர் அம்மாள் கீரைக் கட்டுகளோடு வந்து உட்கார்ந்து, கொஞ்சம் தள்ளிக்கோங்க என்றாள். தள்ளி உட்கார்ந்தாள். போய்ச் சேர்ந்ததும் கதவைத் திறப்பது யாராக இருக்கும், அவரா, அவளா, திறந்ததும் அந்த வாசலில் நின்று தான் என்ன சொல்லப்போகிறோம் என்று யோசித்தாள்.  மணி நாலே முக்கால் ஆகியிருந்தது. பஸ் இன்னும் கிளம்பவில்லை. டிரைவர் கீழே கடையோரம் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்.